குரல் நின்றால் கொக்கி நிற்கும்

உலகத்தில் குறட்டை விடாத ஆள் யார்? ஆனால் தன் குறட்டையை ஒரு கட்டடமே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும்படி விட்டவர் ஒருவர்தான் இருப்பார். அவர் கிரேன் ஓட்டுகிறவர். எழும்பிக்கொண்டிருந்த பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கும் மேலே, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, நாள் முழுக்க இரும்பையும் காங்கிரீட்டையும் தூக்கி இறக்குவது அவர் பிழைப்பு. சைட்டில் அவரை மேல்வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள்.

கீழே தரையில் நின்று வாக்கிடாக்கியில் அவருக்கு வழி சொல்கிற சிக்னல்காரன் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பி. இவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ஓயாவாய். பிறந்ததிலிருந்து வாயை மூடாதவனுக்கு அதற்கேற்ற வேலையும் கிடைத்தது பாருங்கள், கொடுத்துவைத்தவன். கட்டடத்தின் பின்பக்கம் சுமை இறங்கும்போது மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கீழிருந்து வரும் குரல்தான் அவருக்குக் கண். "இறக்கு, இறக்கு, மெதுவா, இறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் ஒரு நொடி நின்றாலும் மேலே கை நின்றுவிடும். வாக்கிடாக்கி செட்டு செத்ததோ, சொல்கிறவன் தடுக்கி விழுந்தானோ, யார் கண்டது? சத்தம் இல்லை என்பதற்கு எல்லாம் சரி என்று அர்த்தம் கிடையாது. குரல் நின்றால் கொக்கி நிற்கும். அந்த வேலையில் இதுதான் முதல் விதி.

"பேசிப் பேசியே சம்பளம் வாங்குற ஆளு நீ ஒருத்தன்தான்டா" என்பாள் அக்கா.

அன்றைக்குக் காலை பதினோரு மணி இருக்கும். ஒரு கட்டுக் கம்பி பின்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டு லேசாகச் சுற்றியதால் சிக்னல்காரன், "நிறுத்துங்க மாமா" என்றான். "சரி மாப்ள" என்று பதில் வந்தது. கம்பிக் கட்டு மூன்றாள் உயரத்தில் நின்றது. அவன் கயிற்றைப் பிடித்துக் கட்டைத் திருப்பிவிட்டு, "இப்ப இறக்குங்க" என்றான். இறங்கவில்லை. அதற்குப் பதிலாகச் சைட்டில் இருந்த அத்தனை வாக்கிடாக்கியிலும் கொர்ரென்று ஒரு சத்தம் கிளம்பியது.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஏழாவது மாடியில் ஒருவன் சிரித்தான். அப்புறம் கேட்க வேண்டுமா, மாடிக்கு மாடி சிரிப்பு. சிக்னல்காரன் மட்டும் சிரிக்கவில்லை. மாமா கட்டைவிரலைப் பொத்தானில் வைத்தபடியே தூங்கிப்போயிருக்கிறார். அந்த விரலை எடுக்கும்வரை கீழிருந்து யார் கத்தினாலும் மேலே கேட்காது. கை விட்டால் கிரேன் அப்படியே நின்றுவிடும், அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் தூக்கத்தில் முழங்கை நெம்புகோலில் சாய்ந்தால் என்ன ஆகும்?

திடீரென்று குறட்டை நின்றது. 'அப்பாடா, முழிச்சிட்டார்' என்று அவன் நெஞ்சில் கைவைத்தான். முழிக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் நேரம் போய்க்கொண்டே இருந்தது. சிரித்தவர்களும் அடங்கிவிட்டார்கள். பிறகு தண்ணீரில் மூழ்கினவர் தலையைத் தூக்குவதுபோல ஒரு பெரிய மூச்சு கேட்டது.

"சொல்லு மாப்ள, இறக்கவா?" என்றார் மாமா, ஒன்றுமே நடக்காததுபோல.

மதியம் சேஃப்டி ஆபீசர் இருவரையும் கூப்பிட்டார். சிக்னல்காரன் முந்திக்கொண்டான். "செட்டுல இரைச்சல் சார். பேட்டரி கோளாறு. நான் அப்பவே மாத்தச் சொன்னேன்." பொய் அவன் வாயில் சர்க்கரையாகக் கரையும்.

மாமா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இரைச்சல் இல்ல சார். நான்தான். தூங்கிட்டேன். இது முதல் தடவையும் இல்ல, கூண்டுல உக்காந்தா கண்ணு சொருகுது. ராத்திரி எட்டு மணி நேரம் படுக்கிறேன், காலைல அடிச்சுப் போட்ட மாதிரி எழுந்திருக்கிறேன். கீழ நிக்கிறது என் மச்சான். நாளைக்கு அவன் மேல எதையாவது போட்டுட்டா என் பொண்டாட்டி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

சும்மா சொல்லக்கூடாது, இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டினவர் தன் பிழைப்பைத் தானே மேசையில் எடுத்து வைத்தார். எத்தனை பேருக்கு வரும் அந்த நெஞ்சு? அன்றைக்கே அவரைக் கூண்டிலிருந்து இறக்கி, வாசலில் லாரி நம்பர் எழுதும் வேலையில் போட்டார்கள். டாக்டர் தகுதி என்று எழுதிக் கொடுத்தால் மறுபடி ஏறலாம் என்றார் ஆபீசர்.

தூக்கத்தைச் சோதிக்கும் ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்கவைத்து, தலையிலும் நெஞ்சிலும் வயர்களை ஒட்டினார்கள். காலையில் கணக்கு வந்தது. மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறது. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது, ஒவ்வொரு தடவையும் மூளை அவரைத் தட்டி எழுப்புகிறது, அவருக்கே தெரியாமல். எட்டு மணி நேரம் படுத்தும் அவர் தூங்கவே இல்லை. காற்றை மெல்ல அழுத்தி அனுப்புகிற ஒரு மிஷினும், மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மாஸ்க்கும் கொடுத்தார்கள்.

அங்கேதான் வந்தது வினை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆடிவந்த ஒரு இரும்புக் கொக்கி அவர் மூக்கைப் பதம் பார்த்திருந்தது. அன்றிலிருந்து ஒரு பக்கம் பேருக்குத்தான் மூக்கு. மாஸ்க்கை மாட்டினால் காற்று உள்ளே போகாமல் முட்டும், வாய் திறந்துகொள்ளும், அரை மணி நேரத்தில் பிய்த்து எறிந்துவிடுவார். எத்தனை நேரம் மாட்டினார் என்று மிஷினே எழுதிவைத்துக்கொள்ளும். ஒரு மாதக் கணக்கைப் பார்த்தால், இரவுக்கு ஐம்பது நிமிஷம்.

அதனால்தான் மாமாவும் அக்காவும் சிக்னல்காரனும் மூக்கு டாக்டரிடம் போனார்கள். குள்ளமான அம்மா, நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் முழுசாகப் பதியாது. ஆனால் பேச்சு ஒவ்வொன்றும் ஆணி. மெல்லிய குழாய் ஒன்றை மாமாவின் மூக்குக்குள் விட்டு, திரையில் காட்டினார்.

"நடுச்சுவர் இப்படி வளைஞ்சு கிடக்கு. பக்கத்துச் சதை வேற வீங்கியிருக்கு. சுவரை நேராக்கி, சதையைக் கொஞ்சம் குறைக்கணும்."

"சுவரை நேராக்குறதா? நம்ம வேலைதான் டாக்டரம்மா. தூக்குக்குண்டு வேணும்னா நான் கொண்டாரேன்" என்றார் மாமா.

டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு விரலை நீட்டினார். "சிரிச்சாச்சா? இப்ப மூணு பேரும் கேளுங்க. மூச்சு நிக்கிறது மூக்குல இல்ல, தொண்டையில. இந்த ஆபரேஷன் பண்ணினா மூக்கு திறக்கும், குறட்டை குறையலாம், மாஸ்க் சுலபமாப் போட முடியும். நோய் போகாது. நான் பாதை போட்டுத் தரேன். வண்டி ஓட வேண்டியது அந்த மிஷின்தான். புரிஞ்சுதா?"

மூவரும் தலையை ஆட்டினார்கள். பாதை போட்டுத் தருகிறேன் என்பதுவரை காதில் ஏறியது. மிச்சம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாயிற்று. ஆசை அப்படித்தான் கேட்கும்.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம். அதன்பிறகு ஒரு வாரம் மூக்குக்குள் தகடு, வாயால் மூச்சு, கஞ்சிபோல எதையாவது குடித்துக்கொண்டு முதுகில் தலையணை வைத்து உட்கார்ந்த தூக்கம். எட்டாம் நாள் தகட்டை எடுத்தார்கள். "மெதுவா இழுங்க" என்றார் டாக்டரம்மா. மாமா மூக்கால் ஒரு மூச்சு இழுத்தார். பிறகு இன்னொன்று. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. அக்கா பதறிப்போய், "வலிக்குதாங்க?" என்றாள்.

"இல்ல. ரெண்டு பக்கமும் போகுது" என்றார் அவர். அப்புறம் திரும்பி, "மாப்ள, நீ இன்னைக்கு சாக்ஸ் மாத்தலதானே?" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த டாக்டரம்மாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது சிக்னல்காரனுக்கு.

வீட்டில் குறட்டை நின்றுபோயிற்று. பதினான்கு வருஷமாக அக்கா ஒரு கையை அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். சத்தம் ஏறினால் தள்ளிவிடுவாள், நின்றால் உலுக்குவாள். இப்போது அந்தக் கைக்கு ஓய்வு. அவள் முகமே தெளிந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து மாஸ்க்கை ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று வாரம் ஐந்து வாரம் ஆனது, மிஷின் பெட்டியோடு அலமாரி மேலேயே இருந்தது.

"அதை எதுக்குடா இறக்கணும்? அதான் சத்தமே இல்லையே" என்றாள் அக்கா. சிக்னல்காரனும், "அதானே" என்றான். சொன்னவன் யார் பார்த்தீர்களா? சத்தமில்லை என்றால் எதையும் நம்பாதே என்கிற விதியில் சம்பளம் வாங்குகிறவன்.

அந்தச் சமயம் பார்த்து சேஃப்டி ஆபீசர் ஆள் அனுப்பினார். கட்டடத்தின் நடுக்கூடத்துக்கு மேலே பெரிய இரும்பு உத்திரம் ஏற வேண்டும். எட்டு டன், நாலு பக்கமும் சுவர், விரல் அளவுதான் இடைவெளி. இன்னும் பன்னிரண்டு நாள். "ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே. டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்து ஏறச் சொல்லுங்க. அந்தக் கை வேணும் எனக்கு."

மாமா வாசல் கூண்டில் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அஸ்திவாரத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக அந்தக் கட்டடத்தை அடுக்கினவர் அவர். கடைசித் துண்டைத் தன் கையால் வைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லாமல் இருக்குமா? அண்ணாந்து கொக்கியைப் பார்த்தார், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் சிக்னல்காரன் லெட்டர் வாங்க டாக்டரம்மாவிடம் ஓடினான்.

"லெட்டரா? மாஸ்க் எத்தனை மணி நேரம் போடுறார்?" என்றார் டாக்டரம்மா.

"மாஸ்க்கே தேவைப்படல! உங்க கைராசி அப்படி. வீடே நிசப்தமா இருக்கு. மூக்கு அப்படியே..."

"போடுறதே இல்லையா?"

அவனுக்குக் கோபம் வந்தது. "ஒரு வரி எழுதுறதுல உங்களுக்கு என்ன டாக்டரம்மா? ஆபரேஷன் பண்ணினது நீங்க. சரியாப் போச்சுன்னு நீங்களே நம்பலன்னா எப்படி?"

அவர் கோபப்படவில்லை. "நீங்க அங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், ஓயாவாய் ஆரம்பித்துவிட்டான். பின்பக்கம் சுமை இறங்குவதை, குரலை, விதியை, எல்லாம் சொன்னான். டாக்டரம்மா கன்னத்தில் கைவைத்துக் கடைசிவரை கேட்டார்.

"சரி. கீழ இருந்து குரல் நின்னுபோச்சுன்னா, உங்க மாமா 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு இறக்கிட்டே போவாரா?"

"ஐயோ, கொலை விழுந்திரும்!"

"உங்க அக்கா இத்தனை வருஷமா அந்தச் சத்தத்தை வச்சுத்தான் அவரைக் காப்பாத்தினாங்க. நான் அந்தச் சத்தத்தை எடுத்துட்டேன். மூச்சு இன்னும் நிக்குது, ஆனா இப்ப சத்தமில்லாம நிக்குது. நீங்க எல்லாம் நிசப்தத்தை நம்பிட்டு உக்காந்திருக்கீங்க." சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "என் பேச்சை நம்ப வேண்டாம். அவர் தூங்கும்போது கடிகாரத்தை வச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்து பாருங்க. காதை மூடிட்டுப் பாருங்க. கண்ணால பாருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மாமா கட்டிலில் சாய்ந்தார். சிக்னல்காரன் போனை ஜன்னலில் சாய்த்து வீடியோவைப் போட்டுவிட்டு, பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அக்கா கதவோரம் நின்றாள். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. அழகான தூக்கம். 'அந்த அம்மா வீணாகப் பயமுறுத்துகிறார்' என்று நினைத்தான்.

பிறகு மாமாவின் நெஞ்சு ஏறியது, வயிறு உள்ளே போனது, மறுபடி ஏறியது. மூக்குக்கு முன்னால் புறங்கையை நீட்டினான். காற்றே இல்லை. கடிகாரத்தில் பத்து, இருபது, முப்பத்திரண்டு விநாடி. உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கி மூச்சு வந்தது, அதிகச் சத்தம்கூட இல்லாமல். இரண்டு நிமிஷத்தில் மறுபடியும். மறுபடியும். எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருந்தவன் ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டான். அன்றைக்கு அந்தக் கம்பிக் கட்டு தலைக்கு மேலே நின்றபோதுகூட அவனுக்கு இவ்வளவு பயம் வரவில்லை. அக்கா ஓடிவந்து தன் கையைப் பழையபடி அவர் நெஞ்சில் வைத்தாள்.

"நான் தூங்கிட்டேன்டா. அஞ்சு வாரமா நான் நிம்மதியாத் தூங்கிட்டேன்" என்றாள்.

மாமா எழுந்ததும் வீடியோவைக் காட்டினார்கள். தான் மூச்சில்லாமல் கிடப்பதை அவர் முழுசாகப் பார்த்தார், இரண்டு தடவை. நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த பெட்டியைத் தானே இறக்கினார். தூசியைத் துடைத்தார். பிறகு சேஃப்டி ஆபீசருக்குப் போன் போட்டார்.

"சார், உத்திரத்துக்கு வேற ஆளைப் போடுங்க. நான் இன்னும் சரியாகல. முப்பது ராத்திரி மாஸ்க் போட்டு, மறுபடி டெஸ்ட் எடுத்துட்டுத்தான் ஏறுவேன்."

"யோவ், லெட்டர் கூட வேண்டாம்யா, நான் பார்த்துக்கிறேன்" என்று அந்தப் பக்கம் சொன்னது சிக்னல்காரனுக்கே கேட்டது.

"நீங்க பார்த்துக்குவீங்க சார். கீழ நிக்கிறவனை யார் பார்த்துக்குவா?" என்று சொல்லி மாமா போனை வைத்தார்.

உத்திரம் ஏறின அன்று வேறொரு சின்ன வயது ஆபரேட்டர் கூண்டில் இருந்தான். சிக்னல்காரன் கீழே நின்று குரல் கொடுத்தான். மாமா வாசலில் லாரி நம்பர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். எட்டு டன் இரும்பு விரலளவு இடைவெளியில் இடிக்காமல் உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியவர் அவர். "அழகா வச்சான்யா பையன்" என்று சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பி, அடுத்த லாரியின் நம்பரை எழுதினார். அவருக்கு வலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் சிக்னல்காரன் அடிக்கவே போவான்.

முப்பது இரவு. முதல் இரவே நாலு மணி நேரம். மூக்கு திறந்திருந்ததால் காற்று முட்டவில்லை, வாய் திறக்கவில்லை. மிஷினின் காற்றழுத்தத்தைக்கூடக் குறைத்துவைத்தார்கள். பத்தாம் நாள் ஆறு மணி நேரம். பதினைந்தாம் நாள் காலையில் மாமா எழுந்து, "மாப்ள, நேத்து எனக்குக் கனவு வந்துச்சுடா. கனவே வந்து எத்தனை வருஷம் ஆச்சு!" என்று போன் போட்டுச் சொன்னார். என்ன கனவு என்று கேட்டால், கனவில் லாரி நம்பர் எழுதினாராம். வாசல் வேலை கனவிலும் விடவில்லை.

முப்பத்தோராம் நாள் மாஸ்க்கோடு மறுபடி டெஸ்ட். மணிக்கு நாற்பத்தொன்று இருந்த இடத்தில் மூன்று. டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, தன் கையாலேயே லெட்டர் எழுதினார். "நான் பண்ணின ஆபரேஷன்ல பெருமைப்பட்டது நிறைய இருக்கு. ஆனா ஒரு ஆபரேஷன் என்ன பண்ணும், என்ன பண்ணாதுன்னு புரிஞ்சுக்கிட்டு, கிடைச்ச வேலையை வேண்டாம்னு சொன்ன ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். "தூக்குக்குண்டு வச்ச மாதிரி நேரா இருக்கு டாக்டரம்மா" என்று மாமா மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஏணியில் ஏறினார். முந்நூறு படி. முன்பெல்லாம் நாலு இடத்தில் நின்று இளைப்பாறுவார். இன்றைக்கு ஒரே இடத்தில் நின்றார், அதுவும் கீழே பார்த்துக் கையசைக்க. வாசலுக்கு வெளியே அக்கா புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள்.

முதல் சுமை, ஒரு கட்டுக் கம்பி. அதே பின்பக்கம். அதே பதினோரு மணிக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை, கம்பி லாரி அப்போதுதான் வந்தது. கட்டு கட்டடத்தின் உச்சியைத் தாண்டி, மாமாவின் பார்வையிலிருந்து மறைந்து, இவன் பக்கம் இறங்க ஆரம்பித்தது.

"இறக்குங்க மாமா. இறக்குங்க. இறக்குங்க. இறக்குங்க."

கம்பி இறங்கியது. ஒரு நூல் ஆடவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக் கை, இப்போது அதோடு ஒரு முழு இரவின் தூக்கமும் சேர்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கச் சிக்னல்காரனுக்கு நெஞ்சுக்குள் என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது. எத்தனை அருமையான மனிதர், கிட்டத்தட்டப் போயே போயிருப்பாரே என்று நினைத்தான். "இறக்குங்க, இறக்கு..." வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. ஓயாவாய்க்கு வாழ்க்கையில் முதல்தடவையாகக் குரல் நின்றது.

அந்த நொடியே, அவன் தலைக்கு மூன்றாள் உயரத்தில், கம்பிக் கட்டு நின்றது.

"மாப்ள, குரல் வரல. நிக்கிறேன்" என்றது வாக்கிடாக்கி. தெளிவான, முழுசாக விழித்திருக்கிற குரல். "என்னடா ஆச்சு? நல்லாத்தானே இருக்க?"

அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

"நல்லா இருக்கேன் மாமா. இறக்குங்க."